ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள்

1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். அடுத்த ஆண்டு அதன் பெயர் ‘தமிழன்’ ஆனது. 1914 மே 5 அன்று இறக்கும்வரை அவர் அந்த இதழை நடத்தினார். சாதி, பௌத்தம், இலக்கியம், மருத்துவம், விவசாயம், அரசாங்கம் என்று அதில் அவர் எழுதிக் குவித்தவை ஏராளம். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. அது 1999இல். நடுவில் 85 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த 85 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை எழுதியவர்களில் பலருக்கு அயோத்திதாசர் தேவைப்படவில்லை. அவர் எழுதாமல் இருந்திருந்தால் அது வேறு கதை. அவர் எழுதினார், அச்சிட்டார், விற்றார். ஆனால் அந்த இதழ்களை நூலகங்கள் பேணவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் தம் சொந்தப் பொறுப்பில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்திருந்ததால்தான் தொகுக்க முடிந்தது. தொகுத்ததால்தான் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடந்தது. ஆய்வு நடந்ததால்தான் இன்று ஒரு கல்லூரி மாணவி விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதி, அதன் கீழே நூல் பெயரும் பக்க எண்ணும் போட முடிகிறது.

அந்த அடிக்குறிப்புக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. ஏப்ரல் வந்தால் தலித் வரலாற்று மாதம் என்று நம் மாணவர்கள் உற்சாகமாகக் கட்டுரை எழுத உட்காருகிறார்கள். இரண்டு நாளில் கட்டுரை நீக்கப்படுகிறது, படம் நீக்கப்படுகிறது. ‘சாதித் திமிர்’ என்று கோபத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். சில இடங்களில் அந்தக் கோபம் நியாயமானது. பல இடங்களில், விதி என்ன என்று நாம் படிக்காததுதான் காரணம். அந்த விதிகளைப் பற்றியும், அவற்றுக்கும் நம் வரலாற்றுக்கும் உள்ள உறவைப் பற்றியும் இங்கே பேசுவோம்.

விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. அதன் அடிப்படை விதிகள் மூன்று. எழுதுவதை வாசகர் சரிபார்க்க முடிய வேண்டும். நம் சொந்த ஆய்வை அங்கே முதன்முதலாக வெளியிடக் கூடாது. நடுநிலையோடு எழுத வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: ஒருவரைப் பற்றித் தனிக் கட்டுரை வேண்டுமென்றால், அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

கேட்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் இருக்கிறது. ஆனால் அச்சகமும் பத்திரிகையும் பல்கலைக்கழகத் துறையும் யார் கையில் இருந்தன என்று கேட்டால், விதி யாருக்கு எளிது, யாருக்குக் கடினம் என்பது புரியும். ஒரு ஜமீன்தாரைப் பற்றி மாவட்டக் கெசட்டியரில் நாலு பக்கம் இருக்கும். அவர் நிலத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியவரின் பெயர், இருந்தால் காவல்துறைக் குறிப்பில் மட்டும் இருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு ‘நமக்கு ஆதாரமே இல்லை’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அது உண்மையும் அல்ல. ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூல் 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றிப் பேசுகிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே இதழ் தொடங்கினார். எம்.சி. ராஜா 1925இல் ‘தி அப்ரெஸ்டு ஹிண்டூஸ்’ என்று ஆங்கிலத்தில் நூல் எழுதினார். நம் முன்னோர் அச்சில் பேசியவர்கள். அவர்கள் அச்சிட்டதைத் தேடி எடுத்து, பிறர் சரிபார்க்கும்படி வைப்பது நம் வேலை.

ஆதாரங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்குக் குறிப்பு எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. அந்தக் குறிப்பும் அரசாணையும் மூல ஆவணங்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட ‘தி பறையா ப்ராப்ளம்’ ஆய்வு நூல். நம் இயக்கங்கள் அடிக்கும் துண்டறிக்கை பிரச்சார வெளியீடு. விக்கிப்பீடியா முதலில் கேட்பது இரண்டாவது வகையை. மூல ஆவணத்தை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் பயன்படுத்தலாம். அதிலிருந்து நாமே முடிவு எடுத்து எழுதினால் அது சொந்த ஆய்வு. துண்டறிக்கையை வைத்து ‘இந்த இயக்கம் இப்படிக் கோரியது’ என்று எழுதலாம். ‘இப்படித்தான் நடந்தது’ என்று எழுத முடியாது.

‘12 இலட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம்’ என்று மேடையில் நாம் எல்லோரும் சொல்கிறோம். கட்டுரையில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த கேள்வி வரும்: எந்த நூல், எந்தப் பக்கம்? அந்தக் கேள்வி கேட்பவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதையே கேட்பார். பதில் கையில் இருக்கும்வரை ‘இன்ன இயக்கம் இன்ன நூலில் இவ்வாறு கூறுகிறது’ என்று சொன்னவர் பெயரோடு எழுதுவதே சரி.

ஆங்கிலேயர் காலத்து நூல் என்பதாலேயே ஒன்று நம்பகமாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ பலருக்கும் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. அதில் மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதரைப் பிரித்த காலத்தின் பார்வை இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் சாதி வரலாற்றுக்கு இப்படிப்பட்ட நூல்களை ஏற்பதில்லை. நம்மைப் பற்றி இழிவாக எழுதிய வரி அங்கே இருந்தால் நீக்கக் கோர இது நமக்கு உதவும். நம்மைப் பற்றிப் பெருமையாக எழுதிய வரிக்கும் அதே விதிதான்.

அடுத்த கேள்வி, எழுதப்படாத வரலாறு. பாட்டி சொன்னது, ஊர்ப் பெரியவர் சொன்னது, வழக்கில் சாட்சி சொன்னவர் சொன்னது. இதை விக்கிப்பீடியா எப்படி ஏற்பது என்று 2011இல் அச்சல் பிரபாலா தலைமையில் ஒரு முயற்சி நடந்தது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே மேற்கோளாகக் காட்டலாமா என்று செய்து பார்த்தார்கள். ‘மக்களே அறிவு’ என்ற பொருள்படும் பெயரில் படமும் எடுத்தார்கள். விவாதம் கிளம்பியது, விதி மாறவில்லை. அந்த விவாதத்தை நாம் தொடர வேண்டும். அதுவரை செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. வாய்மொழி முதலில் வேறு இடத்தில், ஆசிரியர் பொறுப்புள்ள ஒரு வெளியீட்டில் வர வேண்டும்.

கீழவெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே போய் மக்களிடம் பேசிய மைதிலி சிவராமன் எழுதினார். அவருடைய கட்டுரைகள் 2013இல் ‘ஹான்டட் பை ஃபயர்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் ‘ராமய்யாவின் குடிசை’ என்ற ஆவணப்படத்தில் உயிர் பிழைத்தவர்களைப் பேச வைத்தார். இன்று அவர்களின் வார்த்தை மேற்கோள் காட்டத்தக்க ஆதாரம். வெளியீடு என்ற ஒரு படிதான் வித்தியாசம். உங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்காக, சுடுகாட்டுப் பாதைக்காக, தனிக்குவளைக்கு எதிராக நடந்த போராட்டத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, ‘தலித் முரசு’, ‘நீலம்’ போன்ற இதழ்களுக்கோ ஒரு கல்லூரி ஆய்விதழுக்கோ முதலில் எழுதுங்கள். அது அச்சில் வந்த பிறகு விக்கிப்பீடியாவுக்குப் போகலாம், அதையும் உங்களைத் தவிர வேறொருவர் மேற்கோள் காட்டினால் இன்னும் நல்லது. நம் வலைப்பூவை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள். தனிநபர் வலைப்பூ அங்கே செல்லாது.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இரட்டைமலை சீனிவாசனைத் ‘தாத்தா’ என்றுதான் அழைக்கிறோம். அம்பேத்கரைப் ‘புரட்சியாளர்’ என்கிறோம். கலைக்களஞ்சியக் கட்டுரையில் அந்தச் சொற்களை விட்டுவிட வேண்டியிருக்கிறது. மனம் ஒப்பாது. ஆனால் ‘1930 முதல் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்’ என்ற வரி, பட்டம் எதுவும் இல்லாமலே அவர் யாரென்று சொல்லிவிடுகிறது. அவர் பிறந்த ஆண்டைச் சில நூல்கள் 1859 என்கின்றன, சில 1860 என்கின்றன. ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதிச் சண்டை போட வேண்டாம். இரண்டையும் அவற்றின் ஆதாரத்தோடு எழுதுவதே முறை.

இனி படங்களுக்கு வருவோம். நம் மாணவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். முகநூலில் கிடைத்த படம், சுவரொட்டியில் இருந்து வெட்டிய படம், நாளிதழ் இணையதளத்தில் இருந்து எடுத்த படம் ஆகியவற்றை ‘என் சொந்தப் படைப்பு’ என்று குறித்து ஏற்றுகிறோம். நீக்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் வாதாட இடமில்லை. படத்தில் இருப்பவர் நம் தலைவர் என்பதாலோ, படம் நம் கைப்பேசியில் இருக்கிறது என்பதாலோ உரிமை நமக்கு வந்துவிடாது. இந்தியச் சட்டப்படி பொதுவாகப் படம் எடுத்தவரே உரிமையாளர்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோக்காரர் அல்லர். கூலி வாங்கிய காசில் கடன் சொல்லாமல் ஸ்டுடியோவுக்குப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு நம் தாத்தா எடுத்துக்கொண்ட படம் அவருடையது. அவருக்குப் பின் வாரிசுகளுடையது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சங்கத் தலைவரின் படத்தை, பஞ்சாயத்துத் தேர்தலில் முதன்முதலாக நின்ற பெண்ணின் படத்தை வெளியிட அந்தக் குடும்பத்துக்கே அதிகாரம் இருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: உரிமையாளரான குடும்பத்தினர், எந்த உரிமத்தில் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லி, விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ‘பயன்படுத்திக்கோப்பா’ என்று நம்மிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னது போதாது.

பழைய படங்களுக்குக் காலக்கணக்கு உதவும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்தியாவில் எடுத்த புகைப்படங்களுக்கு எடுத்ததிலிருந்து 50 ஆண்டு என்று விக்கிமீடியா பொதுவகம் கணக்கிடுகிறது. 1957இல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரன் போன்றோரின் வாழ்நாளில் எடுத்த படங்கள் இந்தக் கணக்கில் இந்தியாவில் பொதுக்களத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும். அதனால் 1946க்கு முன் எடுத்தது என்று காட்ட முடிந்தால் சிக்கல் குறைவு. எப்போது, எங்கே எடுத்தது என்பதைப் படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தேதி இல்லாத படம் அங்கே பெரும்பாலும் நிற்காது.

சிலைகளுக்கு இந்தியச் சட்டம் தாராளமாக இருக்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பத்தை யாரும் படமெடுக்கலாம், எடுத்தவர் தம் விருப்பப்படி உரிமம் கொடுக்கலாம். 52ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஊர் முனையில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலையையும், கிண்டியில் 2023இல் திறக்கப்பட்ட அயோத்திதாசர் மணிமண்டபத்துச் சிலையையும் நீங்களே எடுத்து ஏற்றலாம். கூண்டோடு எடுங்கள், அதுவும் ஆவணமே. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஓவியரின் அனுமதி வேண்டும்.

உரிமம் பற்றி நம் தோழர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. விக்கிமீடியா பொதுவகம் ‘வணிகப் பயன்பாட்டுக்குத் தடை’ என்ற நிபந்தனை உள்ள படங்களை ஏற்பதில்லை. பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கலாம். அதற்கு மேல் தடை போட முடியாது. ‘நம் வலியைப் படமெடுத்து எவனோ புத்தகம் போட்டு விற்பானா?’ என்று கேட்கிறார்கள். விற்க முடியும். அதுதான் உண்மை. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. எனவே எல்லாவற்றையும் அள்ளி ஏற்றுவது புத்திசாலித்தனமல்ல. மாநாடு, ஊர்வலம், சிலை, கட்டடம், இதழின் அட்டை, தலைவரின் உருவப்படம் ஆகியவற்றைக் கொடுப்போம். அவற்றைப் பாடநூல் எழுதுகிறவர் கேட்காமலே எடுத்துப் போட்டால், எடுத்தவர் பெயரோடு அது பள்ளிக்கூடத்துக்குள் போகும். அது நமக்கு இலாபம்.

கொலையுண்டவரின் உடல், அழும் தாய், வன்முறையில் இருந்து மீண்ட பெண், குழந்தைகள் ஆகிய படங்கள் வேறு. படமெடுத்தவரின் உரிமம் இருப்பதால் படத்தில் இருப்பவரின் சம்மதம் கிடைத்துவிட்டதாக ஆகாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டம் இடம் கொடுக்கும் இடத்திலும், அந்தக் குடும்பம் பத்து ஆண்டு கழித்து அந்தப் படத்தை எங்கெல்லாம் பார்க்க நேரும் என்று யோசித்த பிறகே கை வைக்க வேண்டும். உண்மை கண்டறியும் குழுவின் கோப்பில் இருக்க வேண்டிய படம் கலைக்களஞ்சியத்தில் இருக்க வேண்டியதில்லை.

படத்தைவிடவும் பெரிய சொத்து நூல்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு கணக்கு. அம்பேத்கர் 1956இல் இறந்தார். அவர் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் 2017 ஜனவரி 1 அன்று இந்தியாவில் பொதுக்களத்துக்கு வந்தன. 1943இல் இறந்த எம்.சி. ராஜாவின் 1925ஆம் ஆண்டு நூல் இந்தியாவில் 2004 முதலும், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற அமெரிக்கக் கணக்கில் 2021 முதலும் பொதுக்களத்தில் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ இந்தியாவில் 2006 முதல் பொதுக்களம். அமெரிக்கக் கணக்கில் 2034 முடிய வேண்டும். 1914இல் இறந்த அயோத்திதாசரின் ‘தமிழன்’ எழுத்துகளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. ஆனால் ஸ்கேன் செய்வது பழைய இதழாக இருக்க வேண்டும். 1999 தொகுப்பின் முன்னுரையும் குறிப்புகளும் தொகுத்தவரின் உழைப்பு, அவர் உரிமை.

ஒரு இதழை ஸ்கேன் செய்து பொதுவகத்தில் ஏற்றி, விக்கிமூலத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்தால், தேடுபொறியில் அது வரும். ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று தேடத் தொடங்க இடங்கள் இருக்கின்றன. அங்கே இல்லாதவை நம் சேரி வீடுகளின் பரண்களில் இருக்கலாம்.

புதிதாக வருபவர்களுக்குச் சில நடைமுறைகள். புனைபெயரில் கணக்குத் தொடங்குங்கள், உங்கள் ஊரும் கல்லூரியும் வெளியே தெரிய வேண்டியதில்லை. முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்காதீர்கள். இருக்கும் கட்டுரையில் ஆதாரமில்லாத ஒரு வரியைக் கண்டுபிடித்து, நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று ஐந்தையும் சேருங்கள். யாராவது நீக்கினால் மீண்டும் மீண்டும் மாற்றிச் சண்டை போடாமல் உரையாடல் பக்கத்தில் பக்க எண்ணோடு பேசுங்கள். நீங்கள் உறுப்பினராக இருக்கும் இயக்கத்தைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள். எழுத வேண்டியிருந்தால் அதை அறிவித்துவிட்டு உரையாடல் பக்கத்தில் பரிந்துரையுங்கள்.

இந்த மாதம் ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் ஒரு பழைய படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஸ்டுடியோ, பணம் கொடுத்தது யார் என்று பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பென்சிலால் பின்புறம் எழுதி வைப்போம். 1907இல் இராயப்பேட்டையில் அச்சான தாள்களைச் சிலர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். நாமும் அதையே செய்வோம், அதோடு தேதியையும் எழுதி வைப்போம்.

ஜெய் பீம்.